சாம்பியனின் கோபம்

அந்தச் சைக்கிள் கடையில் ‘பாவம்’ என்ற வார்த்தையை யாரும் சொல்லக்கூடாது. பலகையில் எழுதி மாட்டியிருக்கவில்லை, ஆனால் ஆரணியில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்கள் ஒரு தடவை சொன்னார்கள், அதோடு சரி. மழைக்கு ஒதுங்கி வந்த தெருநாயைப் பார்த்து ஒரு பட்டு வியாபாரி, “பாவம், எப்படி நனைஞ்சிகினு வந்துகீது பாரு” என்றார். அவருடைய சைக்கிள் அப்போது சக்கரம் கழற்றிய நிலையில் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. கடைக்காரரான சாம்பியன் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“மழை பேஞ்சா நாயி குடை புடிச்சிகினா வரும்? நனைஞ்சுது, வந்துது. உன்னை அது இன்னா கேட்டுது?”

அன்றைக்கு அந்த வியாபாரி சக்கரத்தைக் கையிலும் மிச்சத்தைத் தோளிலும் சுமந்துகொண்டு வேறு கடை தேடிப் போனார்.

சாம்பியனுடைய சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், “ஓ, அந்தக் கிறுக்கனா?” என்று சிரிக்கிறவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது. சாம்பியன் என்றே எழுதுகிறேன். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

உண்மையாகவே சாம்பியன்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் வடக்கே பெரிய பெரிய ஊர்களில் போய் சைக்கிள் பந்தயத்தில் முதலாவதாக வந்தவர். ரோட்டில் ஓட்டுகிற பந்தயம் அல்ல. கிண்ணத்தின் உட்பக்கம் மாதிரி சரிவாகக் கட்டிய வட்டத்தில் சுற்றிச் சுற்றி வருவது. அந்தச் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றுகிற வரைக்கும் காலும் சுற்றியாக வேண்டும். மேலே பார்த்தால் ஒல்லியான ஆள். இடுப்புக்குக் கீழே மட்டும் வேறு யாருடைய தொடைகளையோ கொண்டுவந்து பொருத்தினது போல இருக்கும். காக்கி அரை டிராயரில்தான் எப்போதும் இருப்பார். கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் வருவார் என்று அவர் மனைவி குறைப்பட்டுக்கொள்வார்.

பந்தயத்தை விட்டு வந்த பிறகு, ஆற்றுப் பாலத்துக்குப் போகிற வழியில் ஓர் அரிசி மில்லின் மதிலை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார். பஞ்சர் ஒட்டுவார், சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பார். ஆனால் அவருடைய வேலை சைக்கிள் செய்வது. மெட்ராசிலிருந்து குழாய் வரவழைத்து, அறுத்து, பற்றவைத்து, ஃபிரேமை அவரே கட்டுவார். ஆளை நிறுத்தி அளவெடுத்த பிறகுதான் சைக்கிள். தறிக்குப் பாவு நூல் சுமந்து போகிற நெசவாளிக்கு நீளமான கேரியர், குட்டையான டீச்சருக்குத் தாழ்ந்த பார். கம்பெனி சைக்கிளை யாராவது கொண்டுவந்தால், “இத்த யாருக்குன்னு செஞ்சான்?” என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார்.

எனக்கு அவர் அறிமுகமானது அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தால்.

குழந்தையாக இருக்கும்போது காய்ச்சல் வந்து எனக்கு இரண்டு காலும் போய்விட்டன. அப்பாவுக்குப் பட்டுத்தறி. தறிக் குழியில் காலை விட்டு மிதிக்க முடியாது என்பதால் எனக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற வேலை. காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரை ராட்டையைச் சுற்றிக்கொண்டிருப்பேன். வீட்டை விட்டு வெளியே போக வேண்டுமானால் அப்பாவோ அண்ணனோ தூக்க வேண்டும். ஆகவே போவதில்லை. எங்கள் தெருவின் மறுமுனை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே இருபது வயது தாண்டிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், சர்க்காரில் மூன்று சக்கர வண்டி தருகிறார்கள், உன் பெயரும் வந்திருக்கிறது என்று சொன்னார்கள். பெடலைக் கையால் சுற்றி ஓட்டுகிற வண்டி. பள்ளிக்கூட மைதானத்தில் விழா. அப்பா என்னைக் காலையிலேயே கொண்டுபோய் முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டுத் தறிக்குத் திரும்பிவிட்டார். “வண்டியிலயே வந்துடு மா” என்றார். அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை என்னால் மறக்க முடியாது. என்னைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் இருந்தோம். அநேகமாக எல்லாரையும் கொண்டுவந்தவர்கள் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தார்கள்.

மேடையில் ஒரு பிரமுகர், அதிகாரிகள், அவர்களோடு நம்ம ஊர் வீரர் என்று சாம்பியன். அன்றைக்கு மட்டும் வேட்டி கட்டியிருந்தார். பிரமுகர் மைக்கில் நீளமாகப் பேசினார். பாவப்பட்ட ஜீவன்கள் என்றார் எங்களை. கடவுள் கைவிட்டாலும் நாங்கள் கைவிட மாட்டோம் என்றார். சாம்பியன் நாற்காலியில் நெளிவது கீழே இருந்த எனக்கே தெரிந்தது.

முதலில் ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். தூக்கி வண்டியில் உட்காரவைத்தார்கள். அவளுடைய கை பெடலுக்கு எட்டவே இல்லை. போட்டோ எடுப்பவர், “கையை வைம்மா, கையை வை” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிரமுகர் குனிந்து அவள் கையைப் பிடித்து இழுத்துப் பெடலில் வைத்து அழுத்தினார். குழந்தை முன்னால் கவிழ்ந்து அழுதது.

சாம்பியன் மேடையிலிருந்து குதித்தார். குழந்தையை இறக்கி ஓரமாக உட்காரவைத்தார். வண்டியைச் சுற்றி வந்தார், பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். பிறகு மைக்கை வாங்கினார். வாங்கினார் என்பதைவிடப் பிடுங்கினார் என்பதுதான் சரி.

“இதுல உங்க ஊட்டுப் பொண்ணை உக்கார வெப்பீங்களா? அந்தக் கொழந்த கை எவ்ளோ நீளம், பெடலு எங்க கீதுன்னு ஒருத்தனாவது பாத்தீங்களா? குடுக்கறது தர்மம்னா இன்னா வேணா குடுக்கலாமா?”

முன்பக்கத்தைப் பிடித்து வண்டியைத் தூக்கி ஒரே போடு போட்டார். பற்றவைத்த இடம் விட்டுக்கொண்டு பெடல் தனியாகத் தொங்கியது. கூட்டம் விசில் அடித்தது. பிரமுகர் துண்டை உதறிக்கொண்டு காரில் ஏறினார். அதிகாரிகள் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு லாரி வந்து, மிச்சமிருந்த வண்டிகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு போயிற்று. எனக்கு வர வேண்டிய வண்டி எது என்றுகூட எனக்குத் தெரியாது. எல்லாம் ஒரே பச்சை நிறம்.

இளவட்டங்கள் சாம்பியனைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை ஊர்வலம் போனார்கள். அவரைத் தூக்கப் பத்து பேர். எங்களைத் தூக்க ஆள் இல்லை. காலியான மைதானத்தில், கூரை அவிழ்த்த பந்தலுக்குக் கீழே, வெயிலில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் கேட்கக்கூட ஆள் இல்லை. அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் அப்பாவிடம், என்னை அந்தக் கடைக்குக் கொண்டுபோங்கள் என்றேன். “வேணாம் மா, கோவக்கார ஆளு” என்றார். “எனக்கும் கோவம் வரும்” என்றேன். கேரியரில் கட்டி உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்.

சாம்பியன் குழாயை அறுத்துக்கொண்டிருந்தார். சைக்கிளின் மேல் இருந்தபடியே கேட்டேன்: “உங்களை யாரு கூப்பிட்டாங்க?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்பா, “நேத்து வரிசையில இருந்த பொண்ணுதாங்க இது” என்று மெதுவாகச் சொன்னார்.

“அது வண்டியே இல்லம்மா” என்றார் சாம்பியன். “ஒரு மாசம் தாங்காது. உன்னைக் கீழ தள்ளிட்டுத்தான் அடங்கும்.”

“ஒரு மாசம் போயிருப்பேன் இல்ல? பொறந்ததுலேர்ந்து ஒரு தெரு தாண்டல நான். ஒரு மாசம் ஊரைப் பாத்திருப்பேன். விழுந்தா விழுந்திருப்பேன். அது என் வண்டி, நான் விழறேன், உங்களுக்கு இன்னா? எனக்காகக் கோவப்படச் சொல்லி நான் கேட்டனா?”

ரோட்டில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். சாம்பியனிடம் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. கொட்டகையின் பின்பக்கத்திலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். கையில் காலிச் சட்டி.

“நல்லா கேளும்மா! நான் கேட்டா காதுலயே ஏறல. ஊருக்கெல்லாம் ரோஷம், ஊட்டுல அடுப்புல ஒண்ணுமில்ல!”

சாம்பியன் அறுத்துக்கொண்டிருந்த குழாயைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் போகச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்பா சைக்கிளைத் திருப்பினார்.

அடுத்த நாள் காலை சாம்பியன் அளவு நாடாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் ஆற்றங்கரைப் பக்கத்துக் குடியிருப்புக்காரர். அவருடைய அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கினவர். அந்தப் பக்கத்து ஆட்கள் எங்கள் தெருவில் வாசலோடு நின்றுதான் பேச வேண்டும். அவர் நிற்கவில்லை. “அளவெடுக்கணும்ங்க” என்று சொல்லி நேராக உள்ளே வந்து ராட்டைக்கு எதிரே குந்தினார். அம்மா திகைத்துப் போய் அப்பாவைப் பார்க்க, அப்பா தறியைப் பார்த்தார்.

“சுத்து” என்றார் சாம்பியன்.

சுற்றினேன். வலக்கையால், பிறகு இடக்கையால். தோளைத் தொடாமல் பக்கத்தில் நாடாவைப் பிடித்து அளந்தார்.

“இடக் கையிலதான் பலம் ஜாஸ்தி. இன்னா கை இது! சைக்கிள்காரன் தொடை மாதிரி கீது.”

என் உடம்பில் ஒரு பாகத்தை ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கோபம் போய்விடக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வண்டி தயாராக மழைக்காலம் முடிய வேண்டியிருந்தது. பாலத்துச் சரிவில் வைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஓட்டினேன். வேகம் பிடித்ததும் பயந்து திருப்பிவிட்டேன். வண்டி சாய்ந்து, நான் ரோட்டோரப் புழுதியில் கிடந்தேன். சாம்பியன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு கூடைக்காரம்மா கூடையை இறக்கிவிட்டு ஓடிவந்தாள். “யோவ், பொம்பள புள்ள வுயிந்து கெடக்குது, மரமாட்டம் நிக்கறியே!”

“தூக்கணும்னா அவ கூப்பிடுவா. நீ போம்மா.”

நான் கூப்பிடவில்லை. எனக்குத் தெரிந்த வசவுகளையெல்லாம் அவர் மேல் பிரயோகித்துக்கொண்டே சக்கரத்தைப் பிடித்து உடம்பைத் தூக்கி, இருக்கையில் ஏறினேன். ஏறி முடித்த பிறகுதான் பக்கத்தில் வந்தார்.

“பிரேக்கு எந்தக் கைக்கு வெச்சா தோதா இருக்கும், சொல்லு.”

“இடக்கைக்கு.”

“அதான் கேட்டேன்” என்று, பிரேக்கைக் கழற்ற அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நல்லவர், உதவி செய்தார் என்று இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. அவர் கோபம் எப்போதும் சரியான ஆள் மேல் பாய்ந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஒருநாள் செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு தாய், கால் வராத பையனை இடுப்பில் சுமந்துகொண்டு வந்தாள். பையனைக் கீழே இறக்கியதும் அழ ஆரம்பித்தாள். அவள் தலையெழுத்தைச் சொன்னாள், பையன் தலையெழுத்தைச் சொன்னாள்.

“அழறதுன்னா வெளியே போய் அழு” என்றார் சாம்பியன். “அவன் காதுல வுழற மாதிரி அழாத. அவன் இன்னா செத்தா பூட்டான்?”

அவள் பையனை வாரிக்கொண்டு போயே போய்விட்டாள். நான் அப்போது கடையில் இருந்தேன். அவ்வளவு தூரம் சுமந்து வந்தவளுக்கு அழக்கூடவா உரிமை இல்லை? சாம்பியன் மனைவிதான் தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே ஓடி, பஸ் ஸ்டாண்டிலிருந்து அவளைத் திருப்பிக் கூட்டிவந்தார். வந்ததும் புருஷனைப் பார்த்து, “நீ வாயைத் தொறக்காத. வேலையை மட்டும் பாரு” என்றார். அவர் வாயைத் திறக்கவில்லை. பையனுக்கு அளவெடுத்தார். அந்த மனைவி இல்லையென்றால் சாம்பியனின் பாதி நல்ல காரியங்கள் நடந்தே இருக்காது. ஊரில் யாரும் இதைச் சொல்வதில்லை.

பந்தயத்தை ஏன் விட்டீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் தலை தூக்காமலே சொன்னார்.

“மெட்ராசுல பாராட்டு விழா வெச்சாங்க. மாலை போட்டாங்க. ஒருத்தர் பேசினாரு. இந்தப் பையன் கூரை ஊட்டுல பொறந்தவன், இவங்கப்பன் மூட்டை தூக்கறான், ஒரு வேளைக் கஞ்சிக்கி வழியில்லாதவன்னு பேசினாரு, பேசினாரு, பேசிகினே இருந்தாரு. எல்லாரும் உச்சு கொட்டினாங்க. நான் எப்படி ஓட்டினேன்னு ஒரு வார்த்தை இல்லம்மா. கடைசி சுத்துல மூணு பேரை மேல் பக்கமா போய்த் தாண்டினேன். அத்தப் பத்தி ஒரு வார்த்தை! எங்க ஊட்டு அடுப்பைப் பத்திப் பேசறதுக்கா நான் அவ்ளோ தூரம் மிதிச்சேன்?”

“அப்பறம்?”

“மாலையைக் கழட்டி அவர் கழுத்துலயே போட்டுட்டு வந்துட்டேன். அதுக்கப்பறம் எவன் கூப்பிடுவான்?”

அதைச் சொல்லிவிட்டு எண்ணெய்க் குப்பியை ஓங்கித் தரையில் வைத்தார். பத்து வருடத்துக்குமேல் ஆகியும் கோபம் ஆறவில்லை. ஜெயித்தவனிடம் நீ ஜெயித்தாய் என்று சொல்ல அந்த மேடையில் ஒரு ஆள் இல்லை. இதை எழுதும்போது எனக்கும்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

வண்டி வந்த பிறகு எனக்குத் தைரியமும் வந்தது. டைப்ரைட்டிங் படிக்கலாம் என்று போனால், இன்ஸ்டிட்யூட் மாடியில் இருந்தது. குறுகலான படி. கீழே வண்டியில் இருந்தபடியே சொல்லி அனுப்பினால், உரிமையாளர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “உனக்கெதுக்கும்மா இந்தக் கஷ்டம்? ஊட்டுலயே இருக்கலாமே” என்றார். நான் திரும்பிப் போய்க் கடையில் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்தேன், ஏனென்றால் சாம்பியன் அரை டிராயரோடு முன்னால் நடந்துகொண்டிருந்தார். மாடிப்படிக்குக் கீழே நின்று குரல் கொடுத்தார். மேலே தட்டிக்கொண்டிருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“அவ மேல வர வேணாம்ங்க. மெஷினு கீழ வரட்டும். அதுக்கும்தான் காலு இல்ல, நீங்கதான தூக்கிகினு போனீங்க?”

பையன்கள் சிரித்துவிட்டார்கள். உரிமையாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பழைய மெஷின் கீழே வந்தது. படிக்கட்டுக்கு அடியில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். நான் பரீட்சை எழுதித் தேறி, ஒரு பட்டு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தது அந்த மேஜையிலிருந்துதான்.

மைதானத்தில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களை அவர் ஒவ்வொருவராகத் தேடிக் கண்டுபிடித்தார். யாரும் கேட்கவில்லை, அவராகப் போனார். எனக்கு அடுத்து அந்தக் கை எட்டாத பெண். அப்புறம் ஒரு தையல்காரர். இப்படி வருஷக்கணக்கில் போயிற்று. கொட்டகையில் மாட்டிவைத்திருந்த, அவர் பந்தயத்தில் ஓட்டின சைக்கிள் குழாய்க் காசுக்காக விலைபோனதும் அந்தச் சமயத்தில்தான்.

ஒரே ஒருவர் மட்டும் வாங்கவில்லை. சேத்துப்பட்டு ரோட்டில் ஒரு கிராமத்துக்காரர், அரிசி மில்லில் பெல்ட்டில் சிக்கிக் காலை இழந்த பெரியவர். சாம்பியனுடைய அப்பாவோடு மூட்டை தூக்கினவர். சந்தை நாளில் மகன் சைக்கிளில் வைத்து ஊருக்குள் அழைத்துவரும்போதெல்லாம் கடை முன்னால் நிறுத்தச் சொல்லுவார்.

“டேய், என் வண்டி எங்கடா?”

“செஞ்சி தரேன்னுதான சொல்றேங்க.”

“உன் வண்டி எவனுக்கு வேணும்? அது சர்க்காரு எனக்குக் குடுத்த வண்டி. பேரு போட்டு, மைக்குல கூப்பிட்டு, எல்லாரும் பாக்கக் குடுக்க இருந்தது. நீ வந்து ஒடைச்ச. உன் ரோஷத்துக்கு என் காலா கெடச்சுது?”

மழைக்கு ஒதுங்கிய நாய்க்காகச் சண்டை போட்டவர், பெரியவர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்.

எண்பதுகளின் கடைசியில் மறுபடி விழா வைத்தார்கள். அதே மைதானம், வேறு பிரமுகர். பெரியவர் பெயர் வந்திருந்தது. சாம்பியனை இந்த முறை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. வாசலிலேயே இரண்டு போலீஸ்காரர்களை அவருக்கென்று நிறுத்தியிருந்தார்கள். அவர் மதிலுக்கு வெளியே, என் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

வண்டிகள் அதே வண்டிகள். நிறம் மட்டும் நீலம். பெடல் அதே இடத்தில், அச்சு அதே மெல்லிசில். இத்தனை வருடத்தில் ஒரு நட்டுகூட மாறவில்லை. யாரும் யாருடைய கையையும் அளக்கவில்லை. சாம்பியனைப் பார்த்தேன். மதில் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

“சும்மாவா இருக்கப் போறீங்க?” என்றேன்.

“பெரியவரு வாங்கட்டும்.”

பெரியவர் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள். வண்டியில் உட்காரவைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். பெரியவர் மகாராஜா மாதிரி மைதானத்தை விட்டு வெளியே வந்தார். எங்களைப் பார்க்காமலே சேத்துப்பட்டு ரோட்டில் திரும்பினார். சாம்பியன் சைக்கிளில் ஏறி, ஸ்பேனரை டிராயரில் செருகிக்கொண்டு, கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போனார். நானும் போனேன்.

ஊர் தாண்டுவதற்கு முன்பே செயின் கழன்றது. சாம்பியன் இறங்கி மாட்டினார். பெரியவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கழன்றது, மறுபடி மாட்டினார். பிறகு பின்சக்கரம் ஆட ஆரம்பித்தது. ரோட்டோரத்தில் வண்டியைச் சாய்த்து நட்டுகளை முறுக்கினார். கிராமத்துக்குப் பிரிகிற மண்பாதை வந்ததும் சக்கரம் ஒரேயடியாகச் சாய்ந்து நின்றுவிட்டது. சாம்பியன் மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார்.

“ஏன்டா” என்றார் பெரியவர். “இன்னிக்கி நீ ஏன் கத்தல?”

“கத்தியிருந்தா நீங்க இதுல உக்காந்திருக்க மாட்டீங்க.”

“இது ஒரு வண்டியாடா? மில்லுல மூட்டை தள்ற வண்டி இத்தவிட நல்லா ஓடும்டா! அன்னிக்கிக் குடுக்கறதுக்கு முன்னாடி கத்தின, என் பொழப்புல மண்ணு வுழுந்துது. சரி. இன்னிக்கிதான் கைக்கு வந்துடுச்சே, அப்பறம் கத்தறதுக்கு இன்னா கேடு உனக்கு? வாயில கொழுக்கட்டையா?”

சாம்பியன் ஸ்பேனரைப் பிடித்தபடி அவரையே பார்த்தார். சாம்பியன் முகத்தில் ஒரு பெரிய சிரிப்பு மெல்ல மெல்ல வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“இந்த வண்டி குடுத்த ஆபீசு எப்பத் தொறப்பான்?” என்றார் பெரியவர்.

“காலையிலங்க.”

“வந்து என்னைக் கூட்டிகினு போ. இந்தச் சனியனையும் ஏத்திகினு வா. ஏம்மா, நீயும் வரியா?”

போனோம். ஆபீசுக்கு உயரமான படிகள். ஏறுவதற்கில்லை. மூன்று பேரும் வாசலில் இருந்தபடியே கூப்பிட்டோம். ஒரு கிளார்க் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, கொஞ்சம் மெதுவாகப் பேசக்கூடாதா என்று என்னைக் கேட்டார். நான் இன்னும் பேச ஆரம்பிக்கவே இல்லை, அதிகாரி வெளியே வரட்டும் என்றேன். அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் போனோம். அப்புறம் வந்தார். நாங்கள் சொல்வதைக் கேட்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. ரோடு முழுக்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

அந்த விழாவில் கொடுத்த வண்டிகளுக்கெல்லாம் அச்சு மாற்றித் தர உத்தரவானது. பெடலை மாற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். வேலையையாவது சாம்பியனுக்குக் கொடுத்தார்களா என்றால், அதுவும் இல்லை. பக்கத்திலேயே வண்டி செய்கிற ஆள் இருக்க, வேலூரிலிருந்து ஒருவனை வரவழைத்தார்கள். அவன் மைதானத்தில் உட்கார்ந்து வேலை செய்தான். சாம்பியன் அவன் தலைமாட்டில் நின்று, ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு வசவு வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே பெரியவர் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுடா” என்றார். “அவனுக்குக் காது கேக்கல.”